ரப்பர்க் கட்டியின் மேல் ஒரு வி-8

மோட்டார் காரின் எஞ்சினை அதன் சட்டகத்தோடு பிணைத்து வைத்திருப்பவை பெரும்பாலும் மூன்றே சிறு உறுப்புகள். இரண்டு எஃகுத் தகடுகளும் அவற்றுக்கிடையே ஒட்டி இறுகிய ஒரு ரப்பர்க் கட்டியுமாக உள்ளங்கையில் அடங்கிவிடும் இவ்வுறுப்பைப் பட்டறைகள் 'எஞ்சின் மவுண்டிங்' என்கின்றன. ஆலையில் உருவான நிலையிலேயே ஓடும் காரில் இதைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. அது கிழிந்துபோய், கியர் மாற்றும்போது 'தடக்' என்ற ஓசை எழும்போதுதான் அப்படியொன்று இருப்பதே நினைவுக்கு வரும். ஆனால் ஒரு நிறுவனம் செய்த ஸ்போர்ட்ஸ் காரில் வேறொரு நிறுவனம் செய்த எஞ்சினை ஏற்றும் வழக்கத்தில், அதாவது எஞ்சின் மாற்றத்தில், ஒருவரையொருவர் அறியாத இரு பொறியாளர்களின் வரைபடங்கள் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் இந்த மவுண்டிங்தான். இவ்வழக்கத்தின் வரலாற்றை எழுதியோர் குதிரைத்திறனையும் பந்தய வெற்றிகளையும் விரித்து எழுதிய அளவுக்கு இதைப் பொருட்படுத்தவில்லை. மவுண்டிங்கைத் தேர்வது என்றால் வலிமையானதைத் தேர்வது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. கடந்த தொண்ணூறு ஆண்டுகளின் கதை காட்டும் வரிசையோ வேறு: இடம் முதலில், இளக்கம் அடுத்து, வலிமை கடைசியில்.

தொடக்கக் காலக் கார்களில் மவுண்டிங் என்ற தனி உறுப்பே இல்லை. கிராங்க் தண்டு சுழலும் வார்ப்புக் கூட்டிலிருந்து பக்கத்துக்கு இரண்டாக நீண்ட உலோகக் கைகள் சட்டகத்தின் நீள்விட்டங்களின் மீது நேரடியாகப் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டன. மேடுபள்ளமான சாலையில் சட்டகம் ஏணியைப் போல முறுக்கிக்கொண்டபோது, வளையத் தெரியாத வார்ப்புக் கைகள் விரிசல் கண்டன. நாற்காலி சமமற்ற தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும், முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்ற எளிய உண்மையைப் பற்றிக்கொண்டு, எஞ்சினை மூன்று புள்ளிகளில் தாங்கும் முறை அதனால் பரவியது. முறிவு நின்றது, அதிர்வு நிற்கவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குவதால் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று தோன்றினாலும், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கோல் சாய்ந்து இயங்குவதால் ஏறும் பிஸ்டன்களின் வேகமும் இறங்கும் பிஸ்டன்களின் வேகமும் ஒத்துப்போவதில்லை. அதன் விளைவாக ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை மேலும் கீழும் குலுக்கும் ஒரு விசை எஞ்சியே நிற்கிறது. இங்கிலாந்தின் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர், இரட்டை வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு எடைகளைக் கொண்டு இதை அடக்கும் வழியை முதல் உலகப் போருக்கு முன்பே வகுத்துக் காட்டியிருந்தார். அது செலவு மிக்க வழி. மலிவான கார் வாங்கியவர்கள் குலுக்கலையும் சேர்த்தே வாங்கினார்கள்.

இந்நிலையை மாற்றியது 1931-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வெளியிட்ட பிளிமத் பி.ஏ. என்ற நான்கு சிலிண்டர் கார். 'ஃப்ளோட்டிங் பவர்', அதாவது மிதக்கும் எஞ்சின், என்ற பெயரில் அதில் புகுத்தப்பட்ட முறைக்கு மூலமாக இருந்தவை பியேர் லெமேர், போல் தோபாரேத் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இருவரின் காப்புரிமைகள். எஞ்சினுக்கு அடியில் ரப்பரை வைப்பது அதற்கு முன்பே பலர் செய்து பார்த்த வேலைதான். இதில் புதியது, ரப்பரை எங்கே வைப்பது என்பதற்குக் கிடைத்த விடை. எந்தப் பொருளும் தன்னை முறுக்கும் விசைக்குத் தடையின்றி அசைய விடப்பட்டால், தன் எடைமையத்தின் ஊடே செல்லும் ஓர் அச்சைச் சுற்றியே அசையும். எஞ்சினும் கியர்பாக்ஸும் இணைந்த தொகுதியில் அந்த அச்சு முன்புறம் உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் சாய்வாக ஓடுகிறது. பிளிமத்தின் முன் மவுண்டிங் தண்ணீர் பம்புக்கு அருகே உயரத்திலும், பின் மவுண்டிங் கியர்பாக்ஸின் அடியில் தாழ்விலும் அமைக்கப்பட்டு, இரண்டையும் இணைக்கும் கோடு அந்த அச்சோடு ஒன்றிப்போகும்படி செய்யப்பட்டது. தன் அச்சைச் சுற்றித் தானே ஆடும் எஞ்சின் மவுண்டிங்கை இழுப்பதுமில்லை, இடிப்பதுமில்லை. எல்லை மீறி ஆடாமல் தடுக்க ஒரே ஒரு பட்டைவில் போதுமானதாயிற்று. எட்டு சிலிண்டரின் மென்மை, நான்கு சிலிண்டரின் சிக்கனம் என்று கிரைஸ்லர் விளம்பரம் செய்தது. விளம்பரங்களில் வழக்கமாகக் கலக்கும் மிகை இதில் குறைவே. மறு ஆண்டே உரிமம் பெற்ற சித்ரோன் நிறுவனம், தன் இரட்டை அம்பு முத்திரைக்கு முன்னால் நீந்தும் அன்னம் ஒன்றைச் சேர்த்து, மிதக்கும் எஞ்சினுக்கு அதைச் சின்னமாக்கியது.

அந்த அன்னம் நீந்தியது மலாயாவின் பாலில் என்று சொன்னால் அது வெறும் அணியாகாது. 1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த ரப்பர் விதைகள் முளைத்து, இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கும் பின்னர் சிங்கப்பூருக்கும் கன்றுகளாகச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மலாயாவின் மேற்குக் கரை நெடுகிலும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்துவிட்டன. அங்கே விடியலில் மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் வழியே தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள். பிளிமத் வெளிவந்த 1931-ஆம் ஆண்டும் அடுத்த ஆண்டும் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பரின் விலை அடிமட்டத்தைத் தொட்ட காலம். தோட்டங்கள் ஆட்களைக் குறைக்க, தொழிலாளர்கள் பெருந்திரளாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கார் நிறுவனங்கள் ரப்பரைத் தாராளமாகப் பயன்படுத்தத் துணிந்ததற்கு அந்த விலைவீழ்ச்சியும் ஒரு வசதியாக அமைந்திருக்கும். செயற்கை ரப்பர் வகைகள் பல வந்த பிறகும், ஓயாத அசைவைத் தாங்குவதில் மரத்துப் பாலுக்கு நிகரானது அரிது என்பதால், மவுண்டிங்குகளில் இயற்கை ரப்பரே இன்றளவும் முதன்மையாகப் பயன்படுகிறது.

ரப்பரை இரும்போடு பிரிக்க முடியாதபடி பிணைப்பது தனிக் கலையாக வளர்ந்தது. எஃகுத் தகட்டுக்குப் பித்தளை முலாம் பூசி, அதன்மேல் கந்தகம் கலந்த பச்சை ரப்பரை வைத்து வெப்பத்தில் அழுத்தினால், கந்தகம் ஒருபுறம் ரப்பரையும் மறுபுறம் முலாமிலுள்ள செம்பையும் பற்றிக்கொள்கிறது. இப்படிப் பிணைந்த கட்டிக்கு இருவகைக் குணம் உண்டு. மேலிருந்து அழுத்தினால் ரப்பர் சுருங்குவதில்லை, பக்கவாட்டில் பிதுங்க மட்டுமே முயல்கிறது; தகடுகள் அதைத் தடுப்பதால் மிகவும் விறைப்பாக நிற்கிறது. சீட்டுக்கட்டின் மேல் சீட்டைத் தள்ளுவதுபோல ஒரு தகட்டை மற்றத் தகட்டுக்கு இணையாக நகர்த்தினால், அதாவது சறுக்குவிசைக்கு ஆட்படுத்தினால், அதே கட்டி மிகவும் இளகிக்கொடுக்கிறது. ஆகவே ஒரே மவுண்டிங்கை எந்தக் கோணத்தில் சாய்த்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதை ஒரு திசையில் கடினமாகவும் மற்றொரு திசையில் மென்மையாகவும் ஆக்க முடியும். வி-வடிவ எஞ்சின்களின் இருபுறமும் மவுண்டிங்குகள் கவிழ்த்த கூரையின் இரு சரிவுகள்போலச் சாய்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்: இரு சரிவுகளுக்கும் செங்குத்தாக வரையப்படும் கோடுகள் மேலே கூடும் இடம் எஞ்சின் இயல்பாக ஆடும் அச்சை நெருங்குமாறு வைத்துவிட்டால், பிளிமத் உயரத்தில் வைத்துச் சாதித்ததைத் தாழ்விலிருந்தே சாதிக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் நல்ல சட்டகங்களையும் சிறிய எஞ்சின்களையும் செய்தது. அமெரிக்கா பெரிய எஞ்சின்களைச் செய்தது. இரண்டையும் கூட்டும் ஆசை எழாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. சிட்னி அலார்டு தம் ஜே2 காரில் காடிலாக் வி-8 எஞ்சினை வைத்து, டாம் கோலுடன் 1950-ஆம் ஆண்டு லே மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றார். அமெரிக்காவுக்குச் சென்ற அலார்டு கார்கள் பல எஞ்சின் இல்லாமலே கப்பலேறி, வாங்கியவரின் விருப்பப்படி அங்கே நிரப்பப்பட்டன. அமெரிக்கப் பட்டறைகளில் அப்போது மவுண்டிங் ஒரு தலைவலியாகவே இருந்தது, ஏனெனில் ஒவ்வொரு எஞ்சினும் வெவ்வேறு இடத்தில் தாங்கலை எதிர்பார்த்தது. ஃபோர்டின் பழைய வி-8 எஞ்சினின் முன் தாங்கல் தண்ணீர் பம்புகளோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தது. 1955-இல் வந்த செவ்ரோலேயின் சிறு வி-8 முதலில் தன் முன்முகத்திலும் கிளட்ச் கூட்டின் பக்கங்களிலும் தாங்கப்பட்டது. 1958-இல்தான் எஞ்சின் உடலின் இருபக்கங்களிலும் மும்மூன்று போல்ட் துளைகள் கொண்ட பரப்புகள் தோன்றின. பிற்காலத்தில் கியர்க் கம்பிகளால் புகழ்பெற்ற பென்சில்வேனியாவின் ஜார்ஜ் ஹர்ஸ்ட் முதலில் விற்றவை, எஞ்சின் மாற்றத்துக்கென்றே செய்த மவுண்டிங்குகள்தான். செவ்ரோலே அந்த மூன்று துளை அமைப்பைப் பல பத்தாண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தது, உலகில் மிக அதிகமாக இடம்மாறிய எஞ்சின் என்ற பெயரை அது பெற்றதற்கு அதன் விலைக்கும் எடைக்கும் குறையாத ஒரு காரணம். ஓர் இணைப்பு நிலைபெற்றுவிட்டால் அதைச் சுற்றி ஒரு கைத்தொழில் வளர்ந்துவிடுகிறது.

இடமே முதலில் என்பதற்குப் புகழ்பெற்ற இரு கார்கள் எதிரெதிரான சான்றுகள். பிரிட்டனின் ஏ.சி. நிறுவனத்தின் ஏஸ் கார், ஜான் டொஜெய்ரோ வகுத்த, இரண்டு தடித்த குழாய்கள் ஏணிபோல ஓடும் சட்டகத்தின் மேல் அமைந்தது. 1919-இல் வடிவமைக்கப்பட்ட ஏ.சி.யின் சொந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், பிரிஸ்டல் நிறுவனத்தின் 2 லிட்டர் எஞ்சின், ஃபோர்டு ஜெஃபிரின் 2.6 லிட்டர் எஞ்சின் என்று மூன்றை அது ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தது. பிரிஸ்டல் எஞ்சின் நின்றுபோன நிலையில், 1961 செப்டம்பரில் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார். 1962 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் வந்திறங்கிய சட்டகத்தில், டீன் மூன் என்பவரின் பட்டறையில், ஃபோர்டின் 260 கன அங்குல வி-8 ஏற்றப்பட்டது. கோப்ரா என்ற அந்தக் கார் அவ்வளவு விரைவில் உயிர்பெற்றதற்கு அதன் சட்டகம் வெற்றுக் குழாயாக இருந்ததே காரணம் எனலாம். குழாயின் எந்த இடத்திலும் ஒரு தாங்குகையைப் பற்றவைக்க முடியும்; எஞ்சின் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே மவுண்டிங் வந்து சேர்ந்தது.

சன்பீம் டைகரில் அந்தச் சுதந்திரம் இல்லை. அதற்கு அடிப்படையாக அமைந்த ரூட்ஸ் குழுமத்தின் சன்பீம் ஆல்பைன், சட்டகமும் உடலும் ஒன்றேயான தகட்டுக் கார்; அதன் 1.6 லிட்டர் எஞ்சினுக்கென வகுத்த குழியில் இன்னொன்றை இறக்குவது வேட்டி மடிப்பில் தேங்காயை ஒளிப்பதைப் போன்றது. குழுமத்தின் அமெரிக்க மேற்குக் கரை மேலாளர் இயன் காராட், சேவைப் பிரிவின் வால்டர் மெக்கென்சியை அளவுகோலோடு விற்பனைக்கூடங்களுக்கு அனுப்பி, கிடைக்கும் வி-8 எஞ்சின்களையெல்லாம் அளந்துவரச் செய்தார். ஃபோர்டின் 260 மட்டுமே பொருந்தும் என்று தெரிந்தது. 1963-இல் ஷெல்பி 10,000 டாலருக்கு ஒரு முன்மாதிரி செய்ய ஒப்புக்கொண்டார். பொறுமையிழந்த காராட், எண்ணூறு டாலர் கொடுத்து கென் மைல்ஸிடம் மற்றொன்றைச் செய்வித்துக்கொண்டார். எஞ்சினை முன்னச்சிலிருந்து முடிந்தவரை பின்னுக்குத் தள்ளினால்தான் முன் சக்கரங்களின் மேல் சுமை ஏறாது என்பதால், ஆல்பைனின் ஸ்டீரிங் பெட்டி கழற்றப்பட்டு, எஞ்சினுக்கு முன்னே பல்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட வேறு அமைப்பு வந்தது. 1964-இல் வெஸ்ட் பிராம்விச்சின் ஜென்சன் ஆலையில் உற்பத்தி தொடங்கியபோது, ஏற்கெனவே வண்ணப்பூச்சு அடித்து வந்த உடல்களில் எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரைச் சம்மட்டியால் அடித்து இடம் பண்ண வேண்டியிருந்தது. பின்மூலையிலுள்ள ஒரு பிளக்கை மாற்றுவதற்கு அந்தச் சுவரில் துளையிட்டு அடைப்பு வைத்திருந்தார்கள். மவுண்டிங்கை ஓர் அங்குலம் முன்னே நகர்த்தியிருந்தால் சம்மட்டிக்கு வேலை குறைந்திருக்கும். காரின் நடத்தையும் அதே அளவுக்குக் குறைந்திருக்கும். பின்னர் ரூட்ஸைக் கைப்பற்றிய கிரைஸ்லர், போட்டி நிறுவனத்தின் எஞ்சினை விற்க மனமின்றித் தன் வி-8 எஞ்சினை வைத்துப் பார்க்க முயன்றது. ஃபோர்டில் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறம் இருக்கிறது, கிரைஸ்லரிலோ பின்புறம். சுவருக்கும் எஞ்சினுக்கும் இடையே விரல்கடை கூட விடாத அந்தக் குழியில் இந்த வேறுபாடு ஒன்றே போதுமானதாக இருந்தது. 1967-இல் டைகரின் உற்பத்தி நின்றது.

எம்.ஜி. நிறுவனத்தின் கதையில் இதே பாடம் தோல்வியாகவும் வெற்றியாகவும் அடுத்தடுத்து வருகிறது. 1962-இல் வந்த எம்.ஜி.பி.யின் 1.8 லிட்டர் எஞ்சின் நம்பகமானது, விறுவிறுப்பற்றது. 1967-இல் 3 லிட்டர் அளவுள்ள இரும்பு வார்ப்பு ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏற்றி எம்.ஜி.சி. வெளிவந்தது. நேர்வரிசை ஆறு சிலிண்டர், குலுக்கலைப் பொறுத்தவரை, எஞ்சின்களில் சாதுவானது. ஆயினும் அது நீளமானது, கனமானது. அதற்கு இடம் கொடுக்க முன் குறுக்குவிட்டம் அகற்றப்பட்டு, சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள் வந்தன. பானட்டில் ஒரு மேடு எழுந்தது. வளைவுகளில் மூக்கை வெளியே தள்ளும் கார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள், 1969-இல் அது மறைந்தது. எவ்வளவு நல்ல மவுண்டிங்கும் தவறான இடத்தில் வைத்த எடையைச் சரிசெய்ய முடியாது என்பதற்கு எம்.ஜி.சி.யைவிடச் செலவு மிக்க சான்று தேவையில்லை.

அதே காலத்தில் ரோவர் நிறுவனத்தின் கையில், வேறொரு கதையில் வந்து சேர்ந்த ஓர் எஞ்சின் இருந்தது. அமெரிக்க பியூக் நிறுவனம் 1961-இல் வெளியிட்டு, மூன்றே ஆண்டுகளில் கைவிட்ட 3.5 லிட்டர் அலுமினிய வி-8 அது. ரோவரின் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அதை அமெரிக்கப் படகு எஞ்சின் ஆலை ஒன்றில் கண்டு, அதன் உரிமையை 1965-இல் வாங்கச் செய்தார். எட்டு சிலிண்டர்கள் இருந்தும் அதன் எடை எம்.ஜி.பி.யின் இரும்பு நான்கு சிலிண்டரின் எடையை ஒட்டியே இருந்தது, நீளமோ குறைவு. கென் காஸ்டெல்லோ என்பவர் 1970 வாக்கில் இந்த எஞ்சினை எம்.ஜி.பி.யில் ஏற்றி விற்கத் தொடங்கியதும், ஆலையே விழித்துக்கொண்டு 1973-இல் எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 காரைக் கொண்டுவந்தது. உயரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எஞ்சினைத் தாழ்த்தினால் எண்ணெய்த் தொட்டி குறுக்குவிட்டத்தில் இடிக்கும், உயர்த்தினால் கார்புரேட்டர் பானட்டில் இடிக்கும். காஸ்டெல்லோ பானட்டில் மேடு எழுப்பினார், ஆலை கார்புரேட்டர்களைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் தடுப்புச் சுவரருகே வைத்தது. 1976 வரை செய்யப்பட்டவை 2,591 கார்களே. ஆனால் 1974-இன் பிற்பகுதியில் கறுப்பு ரப்பர் பம்பருடன் வந்த நான்கு சிலிண்டர் கார்களுக்கும் வி-8 காருக்கென வகுத்த தாங்குகைகளே பொதுவாக்கப்பட்டன. அழகற்றவை என்று ரசிகர்கள் ஒதுக்கிய அந்தப் பம்பர்க் கார்களே இன்று வி-8 ஏற்ற விரும்புவோர் முதலில் தேடுபவை. குரோம் பம்பர்க் கார் வைத்திருப்பவர் பழைய தாங்குகையை அறுத்தெறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நான்கு சிலிண்டரின் இடத்தில் வி-8 வருவது மவுண்டிங்குக்குக் கடினமான சோதனை என்றே எவரும் கருதுவர். கணக்கு அதைப் பாதி மட்டுமே ஒப்புக்கொள்கிறது. ரப்பரின் மேல் அமர்ந்த எந்த எடைக்கும், தட்டிவிட்டால் தானாக ஆடும் ஒரு வேகம் உண்டு. அதை இயல் அதிர்வெண் என்பர். எஞ்சின் குலுக்கும் வேகம் இதைப்போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழே தடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிக்கூட விடும். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு எரிப்பு வீதம் விநாடிக்கு ஏறத்தாழ 27 துடிப்புகள். ஆகவே அதன் மவுண்டிங் தரும் இயல் அதிர்வெண் 19-க்குக் கீழே இருக்க வேண்டும். 600 சுற்றில் நிற்கும் வி-8 எஞ்சினில் சுற்றுக்கு நான்கு எரிப்பு வீதம் 40 துடிப்புகள்; அதற்கு 28 வரை போகலாம். விறைப்பு அதிர்வெண்ணின் இருமடியாக உயர்வதால், எடை ஒத்திருக்குமானால், வி-8 எஞ்சினின் மவுண்டிங் இரண்டேகால் மடங்கு விறைப்பாக இருந்தாலும் அதே மென்மை கிடைக்கும். முறுக்குவிசை இரட்டிப்பாகும் எஞ்சினுக்கு வேண்டிய விறைப்பை அதன் துடிப்பின் விரைவே அனுமதித்துவிடுகிறது. எதிர்த்திசையில் செல்பவர், அதாவது வி-8 இருந்த இடத்தில் நான்கு சிலிண்டரை வைத்துவிட்டுப் பழைய மவுண்டிங்கையே விட்டுவைப்பவர், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடி நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மற்றப் பாதி முறுக்குவிசையைப் பற்றியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுதியாக இருப்பதால் மவுண்டிங் தாங்க வேண்டியது எஞ்சினின் முறுக்குவிசையை மட்டுமன்று, முதல் கியர் அதைப் பெருக்கிய பிறகு வரும் விசையை. டைகரின் எஞ்சின் தந்ததாகக் குறிக்கப்பட்ட 350 நியூட்டன்-மீட்டரை முதல் கியர் இரண்டேகால் மடங்குக்கும் சற்றுக் கூடுதலாகப் பெருக்கினால் 800. அரை மீட்டர் இடைவெளியில் உள்ள இரு மவுண்டிங்குகள் இதைத் தடுக்க வேண்டுமானால், ஒருபுறம் 160 கிலோ எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தூக்க, மறுபுறம் அதே அளவு கீழ்நோக்கி அழுத்தும். பொதுவான அமெரிக்க வி-8 எஞ்சினில் தூக்கப்படுவது, காரில் முன்னோக்கி அமர்ந்தவரின் இடப்பக்கம். அந்த மூலையில் எஞ்சினின் சொந்த எடை தரும் அழுத்தம் அதைவிடக் குறைவு என்பதால், அமுங்குவதற்கென்றே செய்த ரப்பர் அந்தக் கணத்தில் இழுபடுகிறது. அழுத்தத்தைப் பல்லாண்டு தாங்கும் பிணைப்பு, இழுப்பில் ஒருநாள் பிரிந்துவிடும்.

1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 67 லட்சம் செவ்ரோலே வாகனங்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது இதனால்தான். இடப்பக்க மவுண்டிங்கின் ரப்பர் பிரிந்ததும் எஞ்சின் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்தது. வேகம் கூடக்கூட எஞ்சின் மேலும் எழும்ப, பிரேக்குக்கு உதவும் வெற்றிடக் குழாயும் கழன்றது. நிறுவனம் மவுண்டிங்குகளை மாற்றித் தரவில்லை, எஞ்சின் மேலே எழாதபடி தடுக்கும் ஒரு பிடிப்பை மட்டும் பொருத்தித் தந்தது. பின்னர் வந்த வடிவங்களில் ரப்பர் முழுவதும் கிழிந்தாலும் இரு உலோகப் பகுதிகளும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பற்றி நிற்கும். எஞ்சின் மாற்றம் செய்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வலிமை என்பது ரப்பரின் கடினத்தில் இல்லை, ரப்பர் தோற்ற பிறகு என்ன நடக்கும் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது என்பதே. டைகர் போன்ற காரில் இடப்பக்கத்தில் ஒரு சங்கிலித் துண்டைச் சற்றே தொய்வாகக் கட்டிவைத்த பழைய பட்டறைக்காரர்களை நாகரிகமற்றவர்கள் என்று சிரிப்பதற்கில்லை.

1970-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜப்பானின் டாட்சன் 240 இசட், நேர்வரிசை ஆறு சிலிண்டருக்கென நீண்ட மூக்கு கொண்டது. செவ்ரோலே வி-8 அந்த ஆறு சிலிண்டரைவிடக் குட்டையானது, ஆகவே முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்ற தேர்வு இங்கே உண்மையாகவே எழுந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்காரப் நிறுவனம் முன்தள்ளிய நிலையைக் கொண்டது. பின்னர் வந்த ஜாக்ஸ் தட் ரன் என்ற நிறுவனத்தின் மவுண்டிங்குகள் எஞ்சினைப் பின்னுக்கும் கீழுக்கும் இறக்கின. முன்னது வேலையைக் குறைத்தது, பின்னது காரின் சமநிலையைக் காத்தது. செவ்ரோலேயின் டிஸ்ட்ரிபியூட்டரும் பின்புறத்திலேயே இருப்பதால், இங்கும் தடுப்புச் சுவர்தான் எல்லையை வகுத்தது. இரு நிலைகளின் ஆதரவாளர்களும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. காரை வளைவில் ஓட்டிப் பார்ப்பவருக்குப் பின்தள்ளிய நிலையின் நியாயம் எளிதில் விளங்கும்.

ரப்பரையே விட்டுவிடும் வழியும் உண்டு. 1967 ஜூன் 4-இல் நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட் பந்தயத்தில் ஜிம் கிளார்க் வென்ற லோட்டஸ் 49, காஸ்வொர்த் எஞ்சினை ஓட்டுநர் கூண்டின் பின்சுவரில் நேராக முடுக்கி, எஞ்சினையே சட்டகத்தின் பின்பாதியாக்கியது. அங்கே மவுண்டிங் என்ற சொல்லுக்கே பொருளில்லை. அந்த வெற்றியின் செல்வாக்கில், சாலைக் கார்களிலும் எஃகுக் கட்டிகளை வைத்து எஞ்சினை இறுக்குவது வீரமாகக் கருதப்பட்டது. லோட்டஸின் எஞ்சின் உடல் அச்சுமையைத் தாங்கவே வடிக்கப்பட்டது, தெருக்காரின் எஞ்சின் அப்படியன்று. பழைய ஏணிச் சட்டகம் முறுக்கும்போது தொடக்கக் கால வார்ப்புக் கைகளுக்கு நேர்ந்த விரிசலே கியர்பாக்ஸின் காதுகளுக்கும் நேர்கிறது. முன்னிரு மவுண்டிங்குகளை இறுக்கிவிட்டுப் பின்னதை இளக்கமாக விடுவது அதனினும் கெடுதல், ஏனெனில் தொகுதி முழுவதன் அசைவும் அந்த ஒன்றில் குவிகிறது. ரப்பருக்கும் எஃகுக்கும் நடுவே பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருள் இப்போது பரவியிருக்கிறது. ஆல்பர்ட் ஷோர் வகுத்த கடின அளவையில் மவுண்டிங் ரப்பர் பொதுவாக 50, 60 என்று நின்றால், இது 80-ஐத் தாண்டும். எண்ணெய் பட்டாலும் அது ஊறிக் கெடுவதில்லை. நெடுந்தூரம் ஓட்டுவோர் முதல் நாளின் மகிழ்ச்சிக்குப் பின் அதைக் கழற்றிவிட்டு ரப்பருக்குத் திரும்புவதும் அரிதன்று.

எவ்வளவு பழகிய பட்டறையிலும் வேலையின் வரிசை மாறுவதில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் கிளட்ச்சோடு முழுமையாகப் பூட்டப்பட்டுச் சங்கிலியில் தொங்கவிடப்படுகின்றன. எண்ணெய்த் தொட்டிக்கும் குறுக்குவிட்டத்துக்கும் நடுவே மரக்கட்டைகள் செருகப்படுகின்றன. பானட்டை மூடிப் பார்த்து, புகைக்குழாய்க்கும் ஸ்டீரிங் தண்டுக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்து, பின்னச்சுக்கு ஓடும் சுழல்தண்டின் இரு மூட்டுகளும் ஒத்த கோணத்தில் இருக்கும்வரை கியர்பாக்ஸின் வாலை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, கட்டைகள் ஒவ்வொன்றாகச் சீவப்படுகின்றன. எஞ்சின் தன் எடையில் ரப்பரைச் சில மில்லிமீட்டர் அமுக்கும் என்பதையும் அந்தச் சீவலில் கணக்கிட்டாக வேண்டும். எல்லாம் ஒத்துவந்த பிறகே எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடம் அட்டையில் வெட்டி எடுக்கப்படுகிறது. அந்த அட்டையின் அளவுக்கு எஃகுத் தகடு வெட்டப்பட்டு, நடுவில் எந்த ரப்பர் என்பது முடிவாகி, இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் பற்றவைத்து நிறுத்தப்படுகிறது. பிறகு எஞ்சின் மறுபடியும் வெளியே தூக்கப்படுகிறது. முழுப் பற்றவைப்பின் வெப்பம் ரப்பரை எட்டக்கூடாது.